பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு வீரக்கலை: சீன முஸ்லிம்களின் ஜாச்சுவான்

 

சென்ற ரமளானில் ஒரு நாள் தராவீஹ் தொழுகை முடிந்த பின், நம் மஹல்லா இளைஞர்கள் சிலர் ஒரு துண்டுப் பிரசுரத்தை நம்மிடம் கொண்டு வந்து தந்தார்கள். 'குங்ஃபூவை உலகுக்குத் தந்தவர்கள் முஸ்லிம்களே' என்பது அதன் தலைப்பு. சீன நாட்டின் தற்காப்புக் கலைகள் யாவும் முஸ்லிம்கள் கண்டுபிடித்தவை என்றும், பிற்காலத்தார் அவ்வரலாற்றை மறைத்துவிட்டார்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அதை நம் ஆண்டு மலரில் அப்படியே வெளியிட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். விசாரித்து அறிந்த பின் எழுதித் தருகிறோம் என்று சொல்லி வாங்கி வைத்தோம். காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் எடுத்துச் சொல்வதை நம் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள் என்பது ஹதீஸ் ஓதிய எவருக்கும் தெரியும். ஒரு ராவி இன்னாரிடம் கேட்டாரா, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, இடையில் ஆள் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே முஹத்திஸீன்கள் நமக்கு தீனைக் காத்துத் தந்தார்கள். அந்தப் பார்வையைச் சீனத்துச் செய்தி ஒன்றின் மீது செலுத்தினால் என்ன கிடைக்கிறது என்பதே இக்கட்டுரை.

பிரசுரத்தின் தலைப்பு உண்மையன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் உண்மை அதைவிடச் சிறியதாகவும் இல்லை.

முதலில் அம்மக்களைப் பற்றி. சீனத்தில் தாங் அரச மரபு ஆண்ட காலத்திலேயே அரபு, பாரசீக வணிகர்கள் கடல் வழியாகக் குவாங்ஜோ, ச்சுவான்ஜோ துறைமுகங்களுக்கு வந்து தங்கினார்கள். பின்னர் 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சி ஏற்பட்டபோது, மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் போர்வீரர்கள், கைவினைஞர்கள், அதிகாரிகள் எனப் பெருந்தொகையினர் குடியேறினார்கள். இவர்களின் வழித்தோன்றல்களும், இவர்களோடு மணவுறவு கொண்டவர்களும், இஸ்லாத்தைத் தழுவியவர்களும் சேர்ந்து உருவான சமுதாயமே ஹூய் மக்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை 1 கோடியே 13 லட்சத்துக்கும் மேல். பேச்சு சீனம், உடையும் பெரும்பாலும் சீனம். தொழுகையும் உணவின் ஹலாலும் நம்முடையவை. பள்ளிவாசலை அவர்கள் 'தூய்மையும் உண்மையும் உள்ள ஆலயம்' என்ற பொருள்படும் சீனச் சொல்லால் அழைக்கிறார்கள். இமாமுக்கு அங்கே 'ஆஹுங்' என்று பெயர். 'ஆகூன்த்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு அது. 16ஆம் நூற்றாண்டில் ஷான்சி மாநிலத்தில் வாழ்ந்த ஹூ தெங்ஜோ (1522-1597) என்ற பெரியார், பள்ளிவாசலிலேயே மாணவர்களைத் தங்க வைத்து அரபியும் பாரசீகமும் ஓதிக்கொடுக்கும் முறையை ஏற்படுத்தினார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என வழங்கியது போலவே, அவர்களும் சீன மொழியை அரபு எழுத்தில் எழுதி 'ஷியாவ்எர்ஜிங்' என்று வழங்கினார்கள். கடல் கடந்த இரு சமுதாயங்களுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது பாருங்கள்!

இந்த ஹூய் மக்களிடையே வளர்ந்த தற்காப்புக் கலைகள் பல. ஹெனான் மாநிலத்து முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த 'ஷின்யீ லியூஹே', ஹெபெய் மாநிலத்து மெங்சுன் ஊரில் வூ ஜோங் என்னும் முஸ்லிம் பெரியவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 'பாஜி' ஆகியவை புகழ் பெற்றவை. எல்லாவற்றையும் எழுதினால் மலர் முழுவதும் நமக்கே தேவைப்படும். ஆகவே 'ஜாச்சுவான்' என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 'ச்சுவான்' என்றால் கைமுட்டி. முட்டிச் சண்டைக் கலை என்பது பொருள். 'ஜா' என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தச் சீன எழுத்தைக் குடும்பப் பெயராகப் படிக்கும்போது 'ஜா' என்றும், சாதாரணச் சொல்லாகப் படிக்கும்போது 'சா' என்றும் ஒலிக்க வேண்டும். இதனால் சிலர் 'சாச்சுவான்' என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றே.

இக்கலையின் ஊர், சீனத்தின் கிழக்கிலுள்ள ஷான்டோங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் குவான் மாவட்டம். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாமல் லின்ச்சிங் நகரம் இருக்கிறது. வடக்கே பெய்ஜிங்கிலிருந்து தெற்கே ஹாங்ஜோ வரை வெட்டப்பட்ட பெருங்கால்வாயின் கரையில் அமைந்த வணிக ஊர் அது. தானியமும் சரக்கும் அக்கால்வாய் வழியாகவே தலைநகரத்துக்குச் சென்றன. வணிகம் இருந்த இடத்தில் முஸ்லிம்கள் இருந்தார்கள். பொருள் செல்லும் வழியில் கள்வர்களும் இருந்தார்கள். கூலி பெற்று வண்டிகளுக்கும் படகுகளுக்கும் துணைபோகும் காவல் நிறுவனங்கள் அப்பகுதியில் பெருகின. உடல் வலுவும் ஆயுதப் பயிற்சியும் உள்ளவனுக்கு அது சோறு போட்ட தொழில். ஜாச்சுவான் ஏன் அங்கே செழித்தது என்ற கேள்விக்கு, பின்னால் நாம் பார்க்கப்போகும் கதைகளைவிட இந்தக் காரணம் நமக்கு வலுவாகப் படுகிறது.

இனிக் கதைகளுக்கு வருவோம்.

முதல் கதை மிங் அரச மரபின் காலத்தைச் சேர்ந்தது. சீனக் கடற்கரையை ஜப்பானியக் கடற்கொள்ளையர் சூறையாடி வந்த நேரத்தில், அவர்களை எதிர்க்க மேற்கு எல்லைப்புறத்திலிருந்து முஸ்லிம் படை ஒன்று வரவழைக்கப்பட்டதாம். அப்படையில் ஜா ஷாங்யீ என்ற இளம் அதிகாரி இருந்தார்; அவரை ஜாமிர் என்றும் அழைப்பார்கள். வழியில் குவான் மாவட்டத்தில் நோயுற்று விழுந்தார். படை அவரை விட்டுவிட்டு முன்னே சென்றது. அவ்வூர் முஸ்லிம்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போல் பேணினார்கள். உடல் தேறிய அவர், அறுவடைக்குப் பின் களத்து மேட்டில் ஊர் இளைஞர்கள் சண்டைப் பயிற்சி செய்வதைக் கண்டு, நன்றிக்கடனாகத் தாம் கற்றதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் மறைந்த பின் அவர் பெயரே கலைக்குப் பெயராயிற்று.

இரண்டாம் கதை பல நூற்றாண்டுகள் முந்தியது. தாங் மரபின் காலத்தில் படையுடன் வந்த ஹுவா ஜோங்ச்சி என்ற வீரர் காயமுற்று இதே குவான் மாவட்டத்தில் தங்கினார். ஊரார் அவரைக் காப்பாற்றினர். அவர் நன்றியாகக் கலையைக் கற்பித்தார். மாணவர் கூட்டம் பெருகவே தம் மூத்த சக மாணவரான ஜா யுவான்யீ என்பவரைத் துணைக்கு அழைத்தார். அவர் கற்பித்தது ஜாச்சுவான் ஆயிற்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊர் ஒன்று. படை, நோய் அல்லது காயம், ஊராரின் பணிவிடை, நன்றிக்கடனாகக் கலை என்ற வரிசையும் ஒன்று. ஆனால் காலத்தில் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கும் மேல் வேறுபாடு. பெயரும் வேறு. ஹதீஸ் கலையில் இப்படி ஒரே செய்தி இருவேறு ஆட்களின் பெயரில், இருவேறு காலங்களில் வருமானால், அதை ஆதாரமாகக் கொள்ள நம் உஸ்தாதுமார்கள் ஒப்ப மாட்டார்கள். மேலும் 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரின் கொடுமை மிகுந்திருந்தது தெற்கேயுள்ள ஜெஜியாங், ஃபூஜியன் கரைகளில். அங்கே செல்லும் மேற்கத்திய வீரன் குவான் மாவட்டத்துக்கு ஏன் வந்தான் என்ற கேள்வியும் எழுகிறது. 'ஜாமிர்' என்ற பெயரின் முடிவில் வரும் 'மீர்' என்ற ஒலி நம் காதுக்குப் பழக்கமானதாகப் படுகிறது. அதை ஒரு சான்றாக எழுதிவிட நம் கையும் துடித்தது. ஆனால் ஒலி ஒத்திருப்பது ஸனது ஆகாது.

நம்பத்தகுந்த தொடர் 19ஆம் நூற்றாண்டுக்கு வரும்போதுதான் உறுதிப்படுகிறது. அதன் பிற்பகுதியிலிருந்து ஆசிரியர் பெயர்களும், அவர்களிடம் கற்ற மாணவர் பெயர்களும், அவர்கள் வாழ்ந்த ஊர்களும் தெளிவாகக் கிடைக்கின்றன. அக்காலத்தில் கலை மூன்று கிளைகளாகப் பிரிந்திருந்தது. குவான் மாவட்டத்தின் ஜாங் ச்சிவெய் வழி வந்தது ஒன்று; அதே மாவட்டத்தின் யாங் ஹோங்ஷியூ வழி வந்தது மற்றொன்று; கால்வாய்க் கரையிலுள்ள ஜினிங் நகரத்தின் லீ என்ஜூ வழி வந்தது மூன்றாவது. ஜாங் கிளை சுருக்கமும் வேகமும் உடையது. யாங் கிளையில் உடல் நிமிர்ந்தும் கைகால்கள் நன்கு விரிந்தும் இருக்கும். லீ கிளை வலிமையைக் காட்டும். இதற்கு மேலே போகப் போகச் சங்கிலி மெலிந்து, இடையில் அறுந்து, கதைகளில் போய் மறைகிறது. நாம் ஓதிய பாஷையில் சொன்னால் மேல்பகுதி முன்கத்திஃ, கீழ்ப்பகுதி முத்தஸில்.

இதை எழுதும்போது நம் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதர்மர்தான் ஷாவ்லின் மடத்தில் குங்ஃபூவை உருவாக்கினார் என்று நம் மாநிலத்தில் பெருமையோடு பேசுகிறார்கள். 2011இல் அதை வைத்துத் திரைப்படமும் வந்தது. ஆனால் தாங் ஹாவ் (1887-1959) என்ற சீன ஆய்வாளர் 1930இல் வெளியிட்ட தம் நூலிலேயே அக்கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டார். போதிதர்மரின் பெயரில் உலவும் உடற்பயிற்சி நூல் அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அயலாரின் கதையை ஆராயும் நாம், நம்முடைய கதை என்றதும் கண்ணை மூடிக்கொள்வது நீதியாகுமா? துண்டுப் பிரசுரம் எழுதிய சகோதரர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். எனினும் சீனத்தில் மல்யுத்தமும் வாள் பயிற்சியும் இஸ்லாம் அங்கே செல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தவை. முஸ்லிம்கள் அந்தப் பெருங்குளத்தில் தங்கள் பங்கு நீரை ஊற்றினார்கள். குளத்தையே வெட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

ஜாச்சுவான் கற்பவன் ஜாச்சுவானில் தொடங்குவதில்லை. 'தான்துய்' என்ற கால் பயிற்சியில் தொடங்குகிறான். வில்லிலிருந்து விடுபடுவது போல் சட்டென நீளும் கால் என்பது இதன் பொருள். முன்னதாகச் சிறுவர்கள் நாள்தோறும் குதிகாலைச் சுவரில் உயர்த்தி வைத்துத் தொடை நரம்பை நீட்டுவார்கள். குதிரை மேல் அமர்ந்தவன் போல் இரு கால்களையும் அகட்டி, தொடை தரைக்கு இணையாகும்படி தாழ்ந்து, அசையாமல் நிற்பார்கள். முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி வில் போல் நிற்பது இன்னொரு நிலை. இப்படி நிற்பதைப் பார்க்க எளிது. நின்று பார்த்தால் தெரியும். நம் மக்தபில் பிள்ளைகளை முதல் நாளே யாஸீன் ஓத வைக்கிறோமா? அலிஃப், பாவில் மாதக்கணக்காக நிறுத்துகிறோம் அல்லவா, அது போன்றதே இது.

தான்துய்யில் பத்து வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூன்று அசைவுகளே இருக்கும். ஒரே நேர்க்கோட்டில் முன்னே சென்று, திரும்பி, மீண்டும் அதே கோட்டில் வர வேண்டும். வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்வதால், ஒரு கை மட்டும் பழகி மறுகை மந்தமாக இருக்கும் குறை நீங்குகிறது. உதையும் விதத்தைக் கவனித்தல் நலம். முழங்காலை மடித்து உயர்த்தி, பாதத்தை நீட்டி, காலைத் தெறித்து விடுவது அது. ஹூய் மரபில் இந்த உதை தாழ்வாகவே வரும். எதிரியின் முழங்காலும் கணைக்காலும் அதன் குறி. திரைப்படத்தில் வரும் தலைக்கு மேலான உதைகளை விரும்பும் இளைஞர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் உயர்த்திய காலை எதிரி பிடித்துக்கொள்வான். தாழ்வான உதையைப் பிடிப்பது கடினம். உதைத்த கணத்திலேயே கையும் குத்தோடு நீளும். மேலும் கீழும் ஒரே நேரத்தில் தாக்குதல் வரும்போது எதை முதலில் தடுப்பது என்று எதிரி தடுமாறுவான். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் அசைவுகளை நினைவூட்டும் வாய்பாட்டு அடி ஒன்று உண்டு. படிப்பறியாதவரும் அதைச் சொல்லியபடியே பழகினார்கள்.

தான்துய் பற்றியும் ஒரு கதை உண்டு. பிரசுரத்தில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. முதலில் இதில் 28 வரிசைகள் இருந்தன, அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துக்களுக்கு ஒவ்வொன்றாக அவை அமைந்தன, பிற்காலத்தில் பத்தாகச் சுருங்கின என்பது அச்செய்தி. ஹூய் மக்களிடையே வாய்மொழியாக வழங்குவதுதான் இது, பிரசுரக்காரரின் கற்பனையன்று. எழுத்துக்களை எண்ணிக்கைக்கும் நினைவுக்கும் பயன்படுத்தும் வழக்கம் அரபு ஓதியவர்களுக்குப் புதிதும் அல்ல. ஆனாலும் விடுபட்ட பதினெட்டும் எவை என்று கேட்டால் கதை நின்றுவிடுகிறது. இதற்கு எதிராக மற்றொரு தரப்பார், லின்ச்சிங் அருகே லோங்தான் என்னும் புத்த ஆலயத்துத் துறவி ஒருவரே இதை உருவாக்கினார் என்கிறார்கள்; 'தான்' என்பதை ஆலயப் பெயரிலுள்ள 'மடு' என்ற பொருள் தரும் எழுத்தால் எழுதுகிறார்கள். அவர்களிடம் உள்ளவை பன்னிரண்டு வரிசைகள். ஒரே வட்டாரத்தில் முஸ்லிமும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழ்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கிறார்கள் என்பதுதான் இரண்டு கதைகளிலிருந்தும் நமக்கு விளங்குவது. வட சீனத்தில், நல்ல தான்துய் வேண்டுமானால் முஸ்லிம்களிடம்தான் போக வேண்டும் என்ற வழக்கு இருந்தது. முஸ்லிமல்லாதாரும் ஒப்புக்கொண்ட பேச்சு அது. 1910இல் ஷாங்காயில் தொடங்கப்பட்ட ஜிங்வூ உடற்பயிற்சிக் கழகம் தன் அடிப்படைப் பாடங்களில் தான்துய்யைச் சேர்த்தது. அக்கழகத்தின் வழியாக அது தென்கிழக்கு ஆசியா வரை பரவியது.

தான்துய் படிந்த பின்பே ஜாச்சுவானின் பத்துத் தொடர்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முதலாவது 'தாயும் சேயும்'; மூன்றாவது 'பறக்கும் பாதம்'; ஆறாவது 'பதுங்கியிருத்தல்'; எட்டாவது 'சங்கிலிக் கண்ணி'; ஒன்பதாவது 'நாகம் வால் அசைத்தல்'. இவற்றுள் நான்காவது தொடரே வெளியில் மிகவும் அறியப்பட்டது. ஜாச்சுவானின் தனித்தன்மை அதன் தாளத்தில் இருக்கிறது. நான்கைந்து அசைவுகள் மூச்சுவிடாமல் தொடர்ந்து வரும், பின் திடீரென்று சிலை போல் ஒரு நிறுத்தம், மீண்டும் பாய்ச்சல். கைகள் நெடுக நீளும், தாவல்கள் உண்டு, ஒரே அசைவில் பாதமும் இடுப்பும் தோளும் கண்ணும் ஒன்றுபட வேண்டும். இதனோடு ஹுவா, பாவ், ஹோங் என்னும் துணைத் தொடர்களும், ஈட்டி, வாள், கம்பு, கொக்கிவாள் முதலிய ஆயுதப் பயிற்சிகளும், இருவர் எதிரெதிரே நின்று பழகும் பாடங்களும் சேர்ந்ததே முழுக் கல்வி. கற்று முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இப்பயிற்சி பல ஊர்களில் பள்ளிவாசலின் முற்றத்திலேயே நடந்தது. இதைக் கேட்டதும் நம் பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பள்ளியில் சண்டைப் பயிற்சியா என்று தோன்றலாம். ஆனால் ஒரு பெருநாளன்று அபிசீனிய நாட்டவர் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைக் காட்டியதும், தடுக்க முற்பட்ட உமர் (ரலி) அவர்களிடம் விட்டுவிடும்படி சொன்னதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. பலரும் மேடைகளில் சொல்லும் ருகானாவுடனான மல்யுத்தச் செய்தியைவிட இது உறுதியானது. ருகானா செய்தியின் ஸனதைப் பற்றி அதைப் பதிவு செய்த திர்மிதீ இமாம் அவர்களே குறை கூறியிருக்கிறார்கள். ஆக, ஹூய் மக்கள் செய்தது முன்மாதிரி இல்லாத காரியமன்று. அவர்களுக்கு அத்தேவையும் இருந்தது. ச்சிங் அரச மரபின் காலத்தில், குறிப்பாக 1856 முதல் 1873 வரை யுன்னானிலும், 1862 முதல் 1877 வரை வடமேற்கிலும் நடந்த எழுச்சிகளும் அடக்குமுறைகளும் பெருந்தொகையான முஸ்லிம்களின் உயிரைக் குடித்தன. ஷான்டோங் முஸ்லிம்கள் அப்போர்க்களங்களில் இல்லாவிடினும், சிறுபான்மையாய் வாழும் ஓர் ஊரில் இரவுக்கு அஞ்சுவது எத்தகையது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

நம் இளைஞர்கள் கேட்ட இரு மஸ்அலாக்களுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். சீனத் தற்காப்புக் கலைகளில் பொதுவான முகமன், நின்ற நிலையில் வலக்கை முட்டியை இடக்கை உள்ளங்கையில் பொருத்திக் காட்டுவது. அதற்கு ருகூஉவைப் போல் குனியத் தேவையில்லை. வேறு கலைகளைப் பயிற்றும் இடங்களில் படத்துக்கோ ஆசிரியருக்கோ அப்படிக் குனியச் சொன்னால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, பயிற்சியின்போது முகத்தில் அடித்தல். சண்டையிட்டாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்க, விளையாட்டில் அதை ஆகுமாக்க நம்மால் இயலாது.

யாங் ஹோங்ஷியூவின் மாணவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுபெறாது. வாங் ஜிபிங் (1881-1973) ஹெபெய் மாநிலத்து ச்சாங்ஜோ நகரில் ஹூய் குடும்பமொன்றில் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் குழி தோண்டி அதிலிருந்து தாவிப் பழகி, நாளுக்கு நாள் குழியை ஆழமாக்கினார் என்று சொல்வார்கள். பின்னர் ஷான்டோங்கின் ஜினான் நகருக்குச் சென்றார். அங்கே நீர்ச்சக்கரத்தால் சுழன்றுகொண்டிருந்த ஆலைக் கல்லை அவர் கையால் பிடித்து நிறுத்தியதைக் கண்டு ஒரு முதியவர் வியந்து பேசினார், அவரே யாங் ஹோங்ஷியூ, அன்று முதல் ஆசிரியரும் மாணவருமானார்கள் என்பது வழங்கிவரும் செய்தி. எடை தூக்கும் ஆற்றலால் 'ஆயிரம் காத்தி வாங்' என்று பெயர் பெற்றார். காத்தி என்பது ஏறத்தாழ அரைக் கிலோ எடை.

ஷான்டோங் ஜெர்மானியரின் செல்வாக்கில் இருந்தபோது, பழம்பெரும் பள்ளிவாசல் ஒன்றின் வேலைப்பாடு மிக்க கதவுகளை ஜெர்மானியர் பெயர்த்துச் செல்ல முயன்றார்கள் என்றும், வாங் ஜிபிங் வாசலில் நின்று தடுத்தார் என்றும், கல் தூக்கும் போட்டியில் அவர்களை வென்ற பின்பே விலகினார்கள் என்றும் ஒரு வரலாறு அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. நமக்கு மிகவும் பிடித்தது இதுவே. பிடித்திருப்பதால்தான் கூடுதல் எச்சரிக்கையோடு, 'சொல்லப்படுகிறது' என்ற சொல்லோடு எழுதுகிறோம். ஏனெனில் அவரைப் பற்றிய மற்றொரு புகழ் வாய்ந்த செய்தியில் சிக்கல் இருக்கிறது. 1918ஆம் ஆண்டையொட்டி பெய்ஜிங்குக்கு வந்து சவால் விட்ட ரஷ்ய மல்லன் ஒருவன் வாங் ஜிபிங்குக்கு அஞ்சி ஓடினான் என்கிறார்கள். அதே மல்லனை அதே காலத்தில் விரட்டியவர் ஹான் முஷியா என்ற மற்றொரு கலைஞர் என்று அவருடைய மாணவர் வழியினரும் உறுதியாகச் சொல்கிறார்கள். இருவருமே சென்றிருக்கலாம். ஓடியவன் ஒருமுறைதான் ஓடியிருப்பான்.

இனி வருபவை ஐயமற்றவை. 1928இல் நான்ஜிங் நகரில் ஜாங் ஜிஜியாங் என்ற தளபதி முன்னின்று மத்திய தேசியக் கலைக் கழகத்தை நிறுவினார். அவர் கிறித்தவர். அக்கழகத்தின் இரு பெரும் பிரிவுகளுள் ஒன்றான ஷாவ்லின் பிரிவுக்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் முஸ்லிமான வாங் ஜிபிங். புத்த மடத்தின் பெயர் தாங்கிய பிரிவு, முஸ்லிம் தலைவர், கிறித்தவ நிறுவனர்! அன்றைய சீனத்தில் இதை யாரும் விந்தையாகக் கருதியதாகத் தெரியவில்லை. பிறகு அவர் ஷாங்காயில் தங்கி எலும்பு முறிவு வைத்தியராகப் பெயர் பெற்றார். அடித்து வீழ்த்தக் கற்றவரே முறிந்ததைப் பொருத்தவும் கற்றிருப்பது அம்மரபில் இயல்பு. முதியோரும் நோயாளிகளும் செய்யத்தக்க இருபது பயிற்சிகளைத் தொகுத்து 1950களில் நூலாக வெளியிட்டார். 1960இல், ஏறத்தாழ 80 வயதில், பிரதமர் சோ என்லாயின் தூதுக்குழுவோடு பர்மாவுக்கும் சென்று வந்தார். அவர் மகள் வாங் ஜூரோங் தந்தையிடம் கற்று, பேராசிரியையாகி, அக்கலையைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார். பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்போர் நம் மஹல்லாவில் உண்டு என்பதால் இதைக் குறித்துச் சொல்கிறோம்.

ஜாங் வென்குவாங் (1915-2010) என்ற மற்றொரு ஹூய் முஸ்லிமையும் குறிப்பிட வேண்டும். நான்ஜிங் கழகத்தில் பயின்ற இவர், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது கலைநிகழ்ச்சி காட்டச் சென்ற சீனக் குழுவில் இடம்பெற்றார். பிற்காலத்தில் பெய்ஜிங்கின் விளையாட்டுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1950களில் சீன அரசு போட்டிகளுக்காகப் பொதுவான பாடத்திட்டம் ஒன்றை வகுத்தபோது, ஜாச்சுவானையும் வேறு சில வட நாட்டுக் கலைகளையும் கலந்து 'ச்சாங்ச்சுவான்', அதாவது நெடுமுட்டிக் கலை, என்ற பிரிவை உருவாக்கினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வூஷூ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இந்த நெடுமுட்டியும் அரங்கேறியது. இன்று நம் நாட்டு வூஷூ போட்டிகளில் தாவிச் சுழன்று சட்டென நிற்கும் பிள்ளைகளின் அசைவில், குவான் மாவட்டத்துப் பயிற்சியின் சாயல் இருக்கிறது. அப்பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதனால் பழைய கலைக்கு இழப்பும் நேர்ந்தது. போட்டியில் மதிப்பெண் பெறுவது உயரத் தாவுவதற்கும் அழகாக நிற்பதற்கும்தான். தாழ்வான அந்த முழங்கால் உதைக்கு மதிப்பெண் இல்லை. இருவர் எதிர்நின்று பழகும் பாடங்களை அறிந்த ஆசிரியர்கள் முதுமையடைந்தார்கள். 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியின்போது பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, முற்றங்களும் ஓய்ந்தன. பின்னர் நிலை மாறி, 2008இல் குவான் மாவட்டத்து ஜாச்சுவான் சீன அரசின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

துண்டுப் பிரசுரம் இன்னும் நம் மேசையில்தான் இருக்கிறது. அதன் தலைப்பின் மீது பென்சிலால் ஒரு கோடு இழுத்து, 'குங்ஃபூ மரபுகளில் ஒன்றைக் காத்து வளர்த்தவர்கள் சீன முஸ்லிம்கள்' என்று எழுதி வைத்திருக்கிறோம். கொண்டு வந்த இளைஞர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பெற்றுக்கொள்ளலாம்.